கிறிஸ்து சமயக் கொள்கையும் தலைமையும்: பரபக்க முறையில் ஓர் ஆராய்ச்சி

பிறர் மதத்தை மறுக்கப் புகுவோன் முதற்கண் அம்மதத்தை அதனுடையார் தாமே ஒப்புமாறு எடுத்தோதல் வேண்டும். இது நம் சந்தானாசாரியருள் ஒருவராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்திற் காட்டியருளிய முறையாகும். உலோகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை எடுத்துக்கொண்ட அவ்வாசிரியர், ஒவ்வொன்றற்கும் முன்னர் அவர் மதத்தையும் பின்னர் அதன் மறுதலையையும் வேறுவேறாக வகுத்தோதினார். எதிரியின் கொள்கையைத் திரித்துக் கூறி அத்திரிபினை மறுப்போன் மறுத்தது தன் கற்பனையையே; எதிரி தன் நிலையில் இருந்தவாறே இருப்பன்.

அப்பதினான்கனுள் கிறிஸ்து சமயம் இல்லை. உமாபதி சிவாசாரியர் அருளிய சங்கற்ப நிராகரணத்திலும் அஃது எடுத்துக்கொள்ளப்படவில்லை. அக்காலத்துத் தமிழ்ச் சைவர்முன் அச்சமயம் வாதியாக வந்து நில்லாமையின் அவ்வாறாயிற்று. ஆதலின் நம்மவர் அதனைப்பற்றிப் பேசுங்கால், சந்தான நூல்களில் நேரே எடுத்தாளத்தக்க பகுதி இன்மையால், செவிவழிச் செய்தியையே பெரும்பாலும் கருவியாகக் கொள்கின்றனர்.

இக்குறை எங்கணும் உள்ளதேயாயினும் கம்பம் பள்ளத்தாக்கில் அதன் கேடு மிகுதியும் புலப்படும். 1996-ல் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிந்த தேனி மாவட்டத்தின் இப்பகுதியில், சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரர், உத்தமபாளையம் திருக்காளாத்தீசுவரர், வீரபாண்டிக் கண்ணீசுவரமுடையார் என நம் பெருமான் எழுந்தருளிய பழந்தலங்கள் விளங்குகின்றன. அவற்றிற்கு அணித்தாகவே இராயப்பன்பட்டியிற் பனிமய மாதா கோயிலும், அனுமந்தன்பட்டியில் தூய ஆவியார் கோயிலும் நிற்கின்றன. முல்லையாற்று நீர் திருநீறணிந்தான் வயலுக்கும் செபமாலை உருட்டுவான் வயலுக்கும் ஒரு வாய்க்கால் வழியே பாய்கின்றது. அடுத்த வயலான் தன் கொள்கை இன்னதென ஓரளவேனும் அறிவான். நம் கோயில் மேடையிலே அதனைத் தவறாகக் கூறின், அவன் வெளிப்பட மறுத்துரையானாயினும், ‘இவர் அறியாது பேசுகின்றார்’ என உள்ளத்தே கொள்வன். அதன்பின் சித்தாந்தத்தின் மெய்ம்மையை எத்துணைத் தெளிவாக உரைப்பினும் அவன் செவி திறவான். அதனினும் பெருங்கேடு, அவன் பிள்ளையோடு ஒரு பலகையில் இருந்து படிக்கும் நம் பிள்ளையும் நம் சொல்லை ஐயுறத் தொடங்குதலாம். ஆகவே அச்சமயத்தின் அடிப்படைக் கொள்கையை உள்ளவாறு கூறி, அதனைச் சித்தாந்த உரைகல்லில் இட்டுக் கண்டு, பின்னர் அதன் தலைமை அமைந்த வகையையும் ஆராய்வாம்.

அவர் மதம்

கிறிஸ்தவருட் பிரிவுகள் பல. எனினும் உரோமைக் கத்தோலிக்கர், கீழைத் திருச்சபையார், சீர்திருத்தச் சபையாருட் பெரும்பாலார் ஆகிய இவர்க்கெல்லாம் அடிப்படையாய் நிற்பது விசுவாசப் பிரமாணம் என்னும் ஒரு சுருக்கவுரை. கி. பி. 325-ல் நிசேயா நகரிற் கூடிய சங்கம் அதனை வகுத்தது. 381-ல் கான்ஸ்டாண்டிநோபிளிற் கூடிய சங்கத்தோடு அது விரிந்த வடிவு பெற்றது. நிசேயா சங்கம் கூடி 1700 ஆண்டு நிறைந்ததனை 2025-ல் அச்சமயத்தார் கொண்டாடினர்.

அப்பிரமாணத்தின் பொருள் வருமாறு: கடவுள் ஒருவரே. அவ்வொருவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாய் உள்ளார். ஆள் மூன்றாயினும் வஸ்து ஒன்றே. காணப்படுவனவும் காணப்படாதனவும் அவராற் படைக்கப்பட்டன. சுதனாகிய இயேசுகிறிஸ்து மனிதரை மீட்டற்பொருட்டுப் பரிசுத்த ஆவியினாலே கன்னிமரியாளிடத்து மனித உடல் எடுத்தார். போஞ்சு பிலாத்து என்னும் உரோமை அதிகாரியின் காலத்திற் சிலுவையில் அறையுண்டு இறந்தார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்து விண்ணேறினார். மீண்டும் வந்து இருப்பாரையும் இறந்தாரையும் நடுத்தீர்ப்பார். திருச்சபை ஒன்று, பாவமன்னிப்பிற்குரிய ஞானஸ்நானம் ஒன்று, இறந்தோர் உடலோடு எழுவர், அதன்பின் முடிவில்லா வாழ்வு உண்டு.

இதனோடு இயைந்து நிற்பன வேறு சில. உலகம் முன்னுள்ள ஒரு பொருளினின்றன்றி இன்மையினின்றே படைக்கப்பட்டது என்பது ஒன்று. முதல் மனிதனாகிய ஆதாமின் வீழ்ச்சியால் மனிதகுலம் முழுதும் பாவநிலை எய்திற்று என்பது ஒன்று; இதனைச் சென்மப்பாவம் என்பர். உயிர்க்குப் பிறப்பு ஒன்றே என்பது மற்றொன்று. அவர்தம் வேதநூல், சீர்திருத்தச் சபையார்க்கு 66 ஆகமங்களும் கத்தோலிக்கர்க்கு 73 ஆகமங்களும் உடையது. அருட்சாதனங்கள் கத்தோலிக்கர்க்கு ஏழு. சீர்திருத்தச் சபையாருட் பெரும்பாலார்க்கு ஞானஸ்நானமும் நற்கருணையும் ஆகிய இரண்டே.

இவற்றைப்பற்றி நம்மவர் வழங்கும் பிழைபட்ட கூற்றுக்கள் சிலவற்றை ஈண்டே களைதல் வேண்டும். அவர்க்குக் கடவுளர் மூவர் என்பது ஒன்று. அஃது அவர் மதமன்று. மூன்று கடவுளர் என்பாரை அவர் தாமே பாஷண்டிகள் எனத் தள்ளுவர். அயன், அரி, உருத்திரன் என்னும் மும்மூர்த்திகளோடு அதனை ஒப்பிடுதலும் பொருந்தாது. அவர் கூறும் மூவர்க்குத் தொழிற்பாகுபாடும் ஏற்றத்தாழ்வும் இல்லை. சிவமும் சத்தியும் சூரியனும் கதிரும்போலத் தாதான்மியத்தால் ஒன்றாயும் இரண்டாயும் நிற்றலை உணர்ந்த சைவன், ஒருமையிற் பன்மை கூறுதல் பற்றியே பிறனை நகுதல் தகாது.

கத்தோலிக்கர் மரியம்மையைத் தெய்வமாகத் தொழுகின்றனர் என்பது மற்றொன்று. ஆராதனை கடவுள் ஒருவர்க்கே உரியது, வணக்கம் அர்ச்சியசிஷ்டர்க்கு உரியது, அவ்வணக்கத்தின் மிக்கது மரியம்மைக்கு உரியது என அவர் மூவகையாகப் பகுப்பர். 431-ல் எபேசு நகரச் சங்கம் அவரைக் கடவுளின் தாய் என உரைத்தது, அவர் வயிற்றில் தோன்றியவர் கடவுளே என்பதனை நாட்டுதற்பொருட்டு. இராயப்பன்பட்டித் தேரிலே அம்மையின் திருவுருவைக் காண்போர் இவ்வேறுபாட்டினை மறத்தலாகாது. அடியாரை வணங்கும் நாம் இதனை எளிதில் உணரலாம்.

அது வெள்ளையர் ஆட்சியோடு வந்த மதம் என்பது பின்னும் ஒன்று. இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலி நாட்டுச் சேசுசபைத் துறவி மதுரைக்கு வந்தது 1606-ல். அப்போது ஆண்டவர் நாயக்க மன்னர். மேற்கு மலைக்கு அப்பாலுள்ள சேரநாட்டுச் சுரியானிக் கிறிஸ்தவர் அதனினும் மிகப் பழையர். அமெரிக்கப் பாதிரிமார் மதுரையிற் பணி தொடங்கியது 1834-ல். அவர் பெரியகுளம் முதலிய இடங்களிலும் நிலைகொண்டனர். அவர்கள் நாடு நம்மை ஆளவில்லை.

சொல்லொற்றுமையைப் பொருளொற்றுமையாகக் கொள்ளுதல் இறுதியாகக் களையத்தக்கது. கடவுளைக் குறித்துக் கத்தோலிக்கர் முன்னர்ச் சர்வேசுரன் என்றனர். பப்ரிசியுஸ் ஐயர் மொழிபெயர்ப்பு பராபரன் என்றது. 1871-ல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995-ல் வந்த திருவிவிலியம் கடவுள் என்கின்றது. அருள், குரு, ஞானம், வேதம் என்னும் சொற்களும் அவ்வாறே அவர்பாற் சென்றன. சொல் நம்முடையதாகலின் கொள்கையும் நம்முடையதே என மகிழ்வாரும், சொல்லைக் கவர்ந்தனர் எனச் சினப்பாரும் ஒருங்கே பிழைத்தனர். ஞானஸ்நானம் என்பதிலுள்ள ஞானம் சிவஞானபோதம் என்பதிலுள்ள ஞானம் அன்று.

அதன் மறுதலை

இனி மறுதலை கூறுவாம். முதலாவது, இன்மையினின்றும் படைப்பு என்பது. உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்பது சற்காரியவாதம். குடத்திற்குக் குயவன் நிமித்தகாரணம், மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம். அவ்வாறே உலகிற்கு இறைவன் நிமித்தம், மாயை முதல், அவனது சத்தி துணை. ‘எல்லாம் வல்லவன் குயவனைப்போல மண்ணை எதிர்பார்ப்பனோ?’ என அவர் வினவுவர். எதிர்பார்த்தலாவது தன்வயமில்லாததனைப் பிறிதோரிடத்தினின்றும் பெறக் காத்திருத்தல். மாயை அநாதியே இறைவன் வயப்பட்டு அவன் ஆணையில் நிற்பதாகலின் அக்குற்றம் அவன்பாற் சாராது என்க.

இதனினும் கடியது உயிர்பற்றிய வினா. உயிரையும் இறைவனே இன்மையினின்றும் படைத்தானாயின், ஒன்று கண்ணிழந்தும், ஒன்று நோயொடும், ஒன்று பிறந்த அன்றே இறந்தும் படுதற்கு அவனே காரணனாதல் வேண்டும். ஆதாமின் பாவம் காரணம் எனின், ஒருவன் செய்தது மற்றொருவனை அடைந்தது எனப்படும். இது செய்யாதது வந்தெய்துதல் என்னும் குற்றம். ‘மனிதகுலம் ஓருடல் போல்வது, தலையின் நோய் உறுப்பினையும் தாக்கும்’ என அவர் விடைகூறுவர். அதனை ஒப்பினும் வினா தீர்ந்திலது. என்னை? இன்று பிறந்த இம்மகவின் உயிர் ஆதாமிடத்தினின்று வந்ததன்று, இறைவனாலே புதிதாகப் படைக்கப்பட்டது என்பது கத்தோலிக்கர் கொள்கை. புதிதாய்த் தூய்தாய்ப் படைத்த உயிரை நோயுற்ற அவ்வுடலின் உறுப்பாகச் சேர்த்தவன் யாவன்? மீண்டும் இறைவனே என்றாகும். சித்தாந்தமோ உயிரை அநாதி என்றும், அதனைப் பற்றிய ஆணவம் செம்பிற் களிம்புபோல அநாதி என்றும் கூறி, இறைவனை நோய் தந்தவனாக்காது மருத்துவனாகவே நிறுத்துகின்றது. உயிர் அநாதியாயின் அதுவும் கடவுளாமோ எனின், அற்றன்று. என்றும் உளதாதல் ஒன்றே இறைமைக்கு இலக்கணமன்று. அறிவிக்க அறியும் இயல்பினது உயிர். தானே அறியும் இயல்பினன் இறைவன்.

இரண்டாவது, ஒரு பிறப்பு என்பது. தெ நொபிலி மறுபிறப்பை மறுத்துத் தமிழிலே நூல் எழுதினார். முற்பிறப்பு நினைவில் இல்லையே, நினைவில்லாத குற்றத்திற்குத் தண்டம் ஏன் என்பது இதுபற்றி எழும் முதன்மையான தடை. வினைப்பயன் தண்டம் ஒன்றேயன்று. மலநீக்கத்திற்கு இறைவன் ஊட்டும் மருந்து என்பது நம் கொள்கை. சிறுமகவு தான் உண்ட மருந்தினை நினைவிற் கொள்வதில்லை. ஆயினும் நோய் தீர்கின்றது. அன்றியும், சிறுகாலத்துச் செய்த பாவத்திற்கு முடிவில்லாத நரகம் விதித்தல் முறையாமோ என்னும் வினா அவர்க்குளேயே நெடுங்காலம் எழுந்ததுண்டு. கத்தோலிக்கர் நரகத்திற்கும் மோட்சத்திற்கும் இடையே உத்தரிக்கிற ஸ்தலம் ஒன்று கூறுவர். நற்கதிக்கு உரியராயினும் முற்றத் தூய்மை எய்தாது இறந்தோர் ஆண்டுத் தூய்மையுறுவர் என்பர். சீர்திருத்தச் சபையார் இதனை ஒப்புவதில்லை. ஓர் ஆயுளுள் உயிர் முற்றும் பக்குவமுறுதல் அரிது என்பதற்கு அவ்வுத்தரிப்புக் கொள்கையே சான்றாம். அவர் ஓரடி வைத்து நின்றவிடத்திற் சித்தாந்தம் முழுவழியும் நடந்தது.

மூன்றாவது, அவதாரமும் பலியும். சிவபெருமான் கருவயிற்றிற் பிறவாதவன். ஆயினும் பக்குவமுற்ற உயிர்க்குக் குருவடிவாய் வந்து உணர்த்துவன் என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தின் கருத்து. ஆகவே ‘இறைவன் மனிதர் காண வருதல் கூடாது’ என்று மறுத்தல் நமக்கு வழக்கன்று. ஒரே காலத்து ஒரே நாட்டில் ஒருமுறையே வந்தான், அவ்வொரு வருகையை அறிந்து ஏற்றலே மீட்பின் பொதுவழி என்பதுவே மறுக்கத்தக்கது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்து அப்பெயரே கேளாது இறந்தோர் எண்ணிலர். இவ்விடர்ப்பாட்டை அவரும் உணர்ந்தனர். தம் குற்றமின்றியே கிறிஸ்துவை அறியாதாரும் மீட்படைதல் கூடும் என்றும், பிற சமயங்களில் உள்ள மெய்யும் தூய்மையும் தள்ளத்தக்கனவல்ல என்றும் 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தது. இதனை அறியாது, ‘ஏனையோர் எல்லாரும் நரகம் புகுவர் என்பதே கத்தோலிக்கர் கொள்கை’ என இன்றும் முழங்குதல் பொருந்தாது. சீர்திருத்தச் சபையாருள்ளும் பெந்தெகொஸ்தே சபையாருள்ளும் அக்கடுமையை விடாதார் உளர் என்பதும் உண்மையே.

சிலுவைப்பலி பற்றியும் அவர்க்குள் ஒருமை இல்லை. மனிதர் கடவுளுக்கு இழைத்த அவமதிப்பிற்கு ஈடு செலுத்தப்பட்டது என்றார் 11-ஆம் நூற்றாண்டினரான அன்செல்ம். அவர்க்குச் சிறிது பிற்பட்ட அபெலார்டு, அஃது அன்பினைக் காட்டி மனிதர் நெஞ்சை உருக்கியது என்றார். முன்னையதனை நாம் ஏற்றல் கூடாது. மன்னித்தற்கு விலை வேண்டுவோன் மன்னித்தவனாகான். ஒருவன் வினையை மற்றொருவன் கழித்தலும் இல்லை. பின்னையதற்கு நம் நெஞ்சு அணுகி நிற்கும். இப்பள்ளத்தாக்கின் ஆறுகள் சென்று கலக்கும் வைகையின் கரையிலே, வந்தி என்னும் மூதாட்டியின் கூலியாளாய்ப் பிட்டுக்கு மண் சுமந்து, பாண்டியன் பிரம்படி பட்ட பெருமானை நாம் அறிவோம். அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டது. அஃது ஈடு செலுத்தியதன்று. அடியார்பாற் கொண்ட எளிமை. வேறுபாடு இவ்விடத்தே நுண்ணிதாய் நிற்கின்றது. இதனைக் காட்டுவோன் கிறிஸ்தவனைப் புண்படுத்தாமலே மறுத்தவனாவன்.

அருளைப்பற்றியவழி இரு சமயமும் மிக அணுகுதலையும் மறைத்தல் ஆகாது. மனிதன் தன் முயற்சியாலே உய்வன் என்ற பெலாகியுஸ் கொள்கையை 5-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் மறுத்து, தொடக்கம் முதலே அருள் வேண்டும் என்றார். 1517-ல் லுத்தர் தொடங்கிய கலகத்தின் உயிர்நிலையும் அருளும் செயலும் பற்றிய வினாவே; 1999-ல் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் அதுபற்றி ஓர் உடன்பாட்டுரை வெளியிட்டனர். இருவினையொப்பும் மலபரிபாகமும் நிகழச் சத்திநிபாதம் பதியும் என்னும் நம் முறை, முயற்சியையும் அருளையும் முரணாது இயைக்கின்றது. திருவாசகத்தை 1900-ல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட போப்பையர் அந்நூலில் ஈடுபட்டு நின்றது இவ்வணுக்கத்தினால் என்க.

தலைமை அமைந்த வகை

இனி அச்சமயத்தின் தலைமையை ஆராய்வாம். ‘கிறிஸ்தவர் அனைவர்க்கும் தலைவர் போப்பு’ என்பது பிழை. இராயப்பர் என்பது கத்தோலிக்கர் பேதுரு என்னும் முதற் சீடர்க்கு வழங்கிய தமிழ்ப்பெயர். அவ்விராயப்பரிடத்து இயேசுநாதர் தம் சபையை ஒப்பித்தார் என்றும், உரோமை நகரின் மேற்றிராணியாராகிய பாப்பரசர் அவர்தம் வழித்தோன்றல் என்றும் கத்தோலிக்கர் கொள்வர். பாப்பரசரைத் தெரிந்தெடுப்போர் 80 ஆண்டு நிரம்பாத கர்தினால்மார். மூன்றில் இரண்டு பங்கினர் இசைதல் வேண்டும். அவ்வாறே 2025 மே 8-ல் பதினான்காம் சிங்கராயர் தெரிந்தெடுக்கப்பெற்றார். பாப்பரசர் பாவமே செய்யார் என்பது அவர் கொள்கையன்று. பாப்பரசரும் பாவசங்கீர்த்தனம் செய்வர். விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றித் தம் ஆசனத்திலிருந்து திருச்சபை முழுமைக்கும் முடிந்த முடிபாக வரையறுத்துரைக்கும்போது மாத்திரம் தவறார் என்று 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம் நாட்டியது.

பாப்பரசரின்கீழ் மேற்றிராணியார், இக்காலத்து ஆயர் என்பர். அவரின்கீழ்ப் பங்குக் குருமார். மதுரை 1938-ல் தனி மேற்றிராசனமாயிற்று; 1953-ல் அதிமேற்றிராசனமாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கின் கத்தோலிக்கப் பங்குகள் அதனுட் பட்டவை. தென்னிந்தியத் திருச்சபை இதனின் வேறு. ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், அமெரிக்கப் பாதிரிமாரால் வந்த சபையை உள்ளிட்ட தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் ஒன்றுகூடியதால் அஃது உண்டாயிற்று. மதுரை இராமநாதபுரத்திற்கு அதன் முதல் அத்தியட்சர் லெஸ்லி நியூபிகின். ஆண்டு அத்தியட்சரைத் தெரிதலில் குருமாரும் பொதுமக்களும் கலந்த மன்றங்கட்கு உரிமை உண்டு. அத்தியட்சர் இல்லறத்தாராகவும் இருக்கலாம். 2013-ல் ஒரு பெண்மணியே நந்தியாலில் அத்தியட்சரானார். கத்தோலிக்கக் குருப்பட்டம் ஆடவர்க்கே உரியது. உரோமை முறையினர் பொதுவாக மணமின்றி வாழ்தல் வேண்டும். பெந்தெகொஸ்தே சபைகளுட் பல தம்மளவில் தனித்து நிற்பன, போதகரே தலைவர்.

இத்தலைமையை நம் குருமரபோடு ஒப்புநோக்குவாம். அப்போஸ்தலர் வழி கைவைத்து அளிக்கப்படும் பட்டம் இடையறாது வருகின்றது என்பது கத்தோலிக்கர் முதலியோர் கொள்கை. மெய்கண்டார், அருணந்தியார், மறைஞானசம்பந்தர், உமாபதியார் என வரும் நம் சந்தானமும் இடையறாமையையே சிறப்பாகக் கொள்ளும். வேறுபாடு யாதெனின், அவர் குரு இடத்திற்குரியர். நம் குரு உயிர்க்குரியர். பங்குக்குரு மாற்றப்படுவார், அவ்விடத்திற் பிறர் வருவார், சடங்கு தடையின்றி நிகழும். குருவானவர் ஒழுக்கங் குன்றினும் அவர் ஆற்றும் அருட்சாதனம் பழுதுபடாது என்பது தொனாத்தியரோடு நிகழ்ந்த வாதத்தில் அகுஸ்தீன் நாட்டியது. சடங்களவில் இது நன்று. ஏழை அடியான் குருவின் குறையால் கெடான். ஆயினும் நம் ஆசாரியன் சடங்கு ஆற்றுவோன் மாத்திரமன்றி ஞானம் உணர்த்துவோனுமாவன். தான் உணராததனை உணர்த்துதல் ஒருவர்க்கும் இயலாது. சமயம், விசேடம், நிருவாணம் எனத் தீட்சை பக்குவம் நோக்கிப் படிப்படியாக வருவதும் இதுபற்றியே. கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் பச்சிளங்குழவிக்கே ஞானஸ்நானம் அளிப்பர். பெந்தெகொஸ்தேயார் அறிவு வந்தார்க்கே அளித்தலின் இவ்வொன்றில் நம்மை அணுகுவர்.

கொள்கையளவில் நம் தலைமை உயர்ந்தது என இங்ஙனம் நாட்டினாம். நடைமுறையில் அதன் நிலை யாது? இவ்வினாவை விடுத்துக் கண்டனத்தை முடித்தல் நேர்மையன்று.

இராயப்பன்பட்டியிற் பிறந்த கத்தோலிக்கக் குழவியின் பெயர் பங்கின் பதிவேட்டில் ஏறுகின்றது. அதற்கு ஞானோபதேசம் வினாவிடையாகப் படிப்பிக்கப்படுகின்றது. அது நோயுற்றால் வந்து பார்க்கவும், இறந்தால் அடக்கஞ் செய்யவும் பொறுப்புடையவர் ஒருவர் உளர். நம் பக்கம் நோக்கின், கோயில்தோறும் பூசை நடக்கின்றது, திருவிழா நடக்கின்றது, மக்கள் வருகின்றனர். எனினும் சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ திருநீறணிந்து நிற்கும் ஒரு சிறுவனைப் பெயர் சொல்லி அழைத்து, ‘பதி, பசு, பாசம் என்றால் என்ன?’ என்று வினவும் கடமை எவர்க்கு உண்டு? அருச்சகர்க்குப் பூசையே கடமை. அதிகாரிக்குக் கணக்கே கடமை. ஆதீனங்கள் காவிரிக்கரையிலும் மதுரையிலும் உள்ளன. அச்சிறுவன் ஒரு சமயத்தின் கொள்கையை முறையாகக் கேட்பது முதன்முதற் பிற சமயத்தார் வாயிலாகவே என்றால், அவன் அதனைத் தழுவுதற்கு அவன்மேற் குறைகூற நமக்கு வாயுண்டோ?

யாழ்ப்பாணத்து ஆறுமுகநாவலர் இதனை நன்குணர்ந்தார். பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது உடனிருந்து உதவியவர் அவர். அந்நூலை நன்கு கற்றமையின், 1854-ல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் பாதிரிமாரை அவர்தம் வேதநூலைக் கொண்டே மறுத்தது. ஆயினும் அவர் செய்த பெருந்தொண்டு மறுப்புநூல் அன்று. 1848-ல் வண்ணார்பண்ணையிலும் 1864-ல் சிதம்பரத்திலும் பாடசாலை தாபித்ததும், பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதியதுமே பெருந்தொண்டு. கேள்வியும் விடையுமாகக் கற்பிக்கும் முறையால் வந்த சமயத்திற்குக் கேள்வியும் விடையுமாகவே எதிர்நின்றார்.

இன்னும் ஒன்று கூறாது விடுதல் ஆகாது. அமெரிக்கப் பாதிரிமார் மதுரையிற் பணி தொடங்கியது 1834-ல். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் வைத்தியநாதையர் முயற்சியால் ஒடுக்கப்பட்ட மக்கள் உட்புகுந்து வழிபட்டது 1939 ஜூலை 8-ல். இடையே 105 ஆண்டு. அத்துணைக்காலமும் ஒரு வாயில் ‘வருக’ என்றது. ஒரு வாயில் ‘நில்’ என்றது. அக்காலத்துப் பிரிந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்களைச் சற்காரியவாதம் தெரியாமற் சென்றார் எனக் கூறுவோமாயின் சிவபெருமான் நம்மை நகுவான். திருநாளைப்போவாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் நாயன்மாருள் வைத்து வணங்கிக்கொண்டே அவர்தம் குலத்தாரைத் திருவாயிலில் நிறுத்தினோம். கிறிஸ்தவர் இக்குற்றம் இல்லாதவர் அல்லர். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக் கோயிலினுள்ளே சாதிபற்றிச் சுவரே எழுப்பப்பட்டிருந்தது. 1910-ல் அது நீங்கியது. அவர் குற்றம் நம் குற்றத்தைக் கழுவாது. ஒருவன் வினையை மற்றொருவன் கழித்தல் இல்லை என்று அவரை மறுத்தோம். அந்நியாயம் நமக்கும் உரியது.

ஆதலாற் சைவ நன்மக்கள் செய்யத்தக்கது இது. மேடைக் கண்டனத்தைக் குறைத்து, அவரவர் ஊர்த் திருக்கோயில் மண்டபத்தில் வாரத்தில் ஒருநாள் ஒருநாழிகையேனும் சிறார்க்குச் சைவ வினாவிடை படிப்பித்தல் வேண்டும். வரும் சிறாரின் பெயரை ஏட்டில் எழுதி, வராத பிள்ளையின் வீட்டிற்கு ஒருவர் சென்று வினவுதல் வேண்டும். சாதி வினவாது தீட்சை அளிக்கும் ஆசாரியர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் இப்பள்ளத்தாக்கிற்கு எழுந்தருளுமாறு ஆதீனங்களை வேண்டுதல் வேண்டும். இவை நடைபெறும் ஊரில் அயற்சமயத்தானோடு வாதிடவும் கூடும், அவனோடு அன்பாய் வாழவும் கூடும். இரண்டற்கும் வேண்டிய அறிவு நம் பிள்ளைகளிடத்து இருக்கும். மதத்தை உள்ளவாறு ஓதிப் பின் மறுதலை கூறிய அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்தோடு நின்றாரல்லர், சுபக்கமும் அருளினார். பரபக்கம் எளிது. சுபக்கத்தை ஊர்தோறும் ஓதுவிக்கும் பொறுப்பு நம்மேல் நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்.